ஒன்பதாவது குழியில் சிரித்த குழந்தை

"தெரியாது" என்ற சொல்லை என் மாமா வாழ்நாளில் சொன்னதில்லை. வெள்ளிமலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் உடனே ஒரு நேரம் சொல்வார். பஸ் வேறு நேரத்தில் வந்தால் அது பஸ்ஸின் தப்பு. கூடப்பிறந்தவள் என்ற உரிமையில் அம்மா மட்டும் அவரைத் துணிந்து திட்டுவாள். "வாயி மட்டும் இல்லன்னா இவன நாயி தூக்கிக்கினு பூடும்" என்பாள்.

அந்த வாயால்தான் அவருக்குக் கல்யாணமே நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் வழியில், எங்கள் ஊரை ஒட்டி ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதை ஆரம்பித்த பெரிய மனிதருக்கு கோல்ஃப் என்றால் பைத்தியம். பிள்ளைகள் படிக்கிறார்களோ இல்லையோ, கோல்ஃப் ஆட வேண்டும் என்று மரவள்ளி விளைந்த மேட்டுநிலத்தை வாங்கி, புல் வளர்த்து, ஒன்பது குழி வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். புல் காய்ந்தது, வேலிக்காத்தான் ஏறியது. எனக்கு நினைவு தெரிந்தபோது அது வெறும் முள்காடு.

நான் நாலாவது முடித்திருந்த கோடையில், மைதானத்தைப் பழையபடியே மீட்டெடுக்க வேண்டும் என்று புதிதாக வந்த துணைவேந்தருக்குத் தோன்றியது. பொக்லைன் வந்தது. முள் வெட்ட எங்கள் ஊர் ஆட்கள் போனார்கள், மாமாவும் போனார். காடு வெட்டவெளியாயிற்று, குழிகளைத்தான் காணவில்லை. வரைபடத்தைக் கரையான் தின்றிருந்தது. பழைய குழிகள் இருந்த இடம் யாருக்காவது தெரியுமா, தெரிந்தவருக்கு மைதானத்தைப் பராமரிக்கும் நிரந்தர வேலை கிடைக்கும் என்று இன்ஜினியர் சொன்னாராம். மாமா கையைத் தூக்கிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நைனார்பாளையத்தில் ஒரு பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் இவரைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பாதான், தினக்கூலிக்குப் போகிறவனுக்குப் பெண் கிடையாது, ஆடிக்குள் நிலையான வேலையோடு வா, இல்லாவிட்டால் வேறு மாப்பிள்ளை என்று சொல்லியிருந்தார்.

எங்கள் தாத்தா அந்த மைதானத்தில் புல் வெட்டியவர் என்பது மட்டும் நிஜம். ஆனால் தாத்தா போய்ச் சேர்ந்தபோது மாமா கைக்குழந்தை. கஞ்சித்தூக்கு கொண்டுபோன அம்மாவும் கம்பிவேலியோடு சரி, உள்ளே விடமாட்டார்கள். குழிகள் எங்கே இருந்தன என்று எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என்னை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கேரியரில் கடப்பாரையும் ஒரு சாக்கு நிறையத் தகர டப்பாக்களும் இருந்தன. கோலி ஆட்டத்தில் ஊரில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. "நீயா இருந்தா எங்க குழி போடுவ, பாப்பா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. சரிவு முடிகிற இடத்தில் ஒன்று, பாறைக்குப் பின்னால் ஒன்று, வேப்பமர நிழலில் ஒன்று என்று ஓடி ஓடிக் காலால் காட்டினேன். மாமா தோண்டிக்கொண்டே வந்தார். குழிக்குள் டப்பா வைப்பார்கள் என்று டிவியில் பார்த்திருந்தாராம். நெருப்பில் சுட்டு, உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துருவேற்றிய எட்டு டப்பாக்களை எட்டுக் குழிகளில் இறக்கி, பழசு போலத் தெரிய மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளினார்.

ஒன்பதாவது, என் தம்பியின் பால்மாவு டப்பா. அதைச் சுடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். அதன்மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். நெருப்பில் போட எனக்கு மனசு வரவில்லை. சேற்றை அப்பிக் கொடுத்துவிட்டேன், மாமா கவனிக்கவில்லை.

அடுத்த வாரம், தாத்தா காலத்தில் மைதானத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒரு பேராசிரியரைக் காரில் அழைத்து வந்தார்கள். ஓய்வு பெற்றவர், கையில் தடி. அவர் சரி என்று சொன்னால்தான் வேலை. பரீட்சை லீவு என்பதால் நானும் கூடவே ஓடினேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொந்த நிலத்தைக் காட்டுகிறவர் போல முன்னால் நடந்தார்.

"நீ யாரு மகன்பா?" என்று பெரியவர் கேட்டார்.

மாமா தாத்தாவின் பெயரைச் சொன்னார். பெரியவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். பிறகு மாமாவையே காட்டச் சொன்னார்.

எட்டுக் குழிகளுக்கும் தலையாட்டினார். ஒன்பதாவதில் தடியால் மண்ணைக் கிளறினார். முந்தின நாள் பெய்த கோடைமழையில் சேறு கரைந்திருந்தது. உள்ளேயிருந்து குழந்தை சிரித்தது.

நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். இன்ஜினியர் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேருமுன், பெரியவர் ஷூ காலால் மண்ணைத் தள்ளிக் குழந்தையின் முகத்தை மூடி, மிதித்து இறுக்கினார்.

"இதேதான். ஒம்போதும் அப்படியே இருக்கு" என்றார் இன்ஜினியரிடம். "இந்தத் தடவயாவது வேலைய நிரந்தரமா போட்டுக் குடுங்க."

ஆனியில் கல்யாணம் நடந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மாமாவின் புளுகு இன்றுவரை பச்சைப்பசேலென்று இருக்கிறது, தினமும் தண்ணீர் விடுகிறவரும் அவரேதான்.

போன வருஷம் மாமாவின் மகள் அங்கேயே பட்டம் வாங்கினாள். போயிருந்தபோது வராந்தாவில் ஒரு பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். மைதானத்துப் பெரிய கிணற்றோரம் ஒரு குழி, பக்கத்தில் இளவயதில் அந்தப் பெரியவர், பின்னால் குனிந்து புல் வெட்டும் ஓர் ஆள். அந்த ஆளின் முகம் தெரியவில்லை. நாங்கள் வைத்த ஒன்பதில் ஒன்றுகூடக் கிணற்றுப் பக்கம் கிடையாது. மாமாவிடம் காட்டினேன். "போட்டோவ தப்பா புடிச்சிருக்கானுங்க" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். பதினோரு வருஷம் புல் வெட்டினாராம். அடுத்த வருஷம் நிரந்தரம், அடுத்த வருஷம் நிரந்தரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள், மைதானத்தை மூடிய அன்று சாயங்காலம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்களாம். வந்து சொன்னவர் அந்தப் பேராசிரியர்.

பெரியவர் குழிகளைப் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு, மைதானத்திலிருந்து திரும்பும் வழியில், சைக்கிள் கம்பியில் உட்கார்ந்தபடி நான் மாமாவிடம் சொன்னேன்: "பாவம் மாமா, அந்தப் பெரியவருக்குக் கண்ணே தெரியல."

எதற்கும் பதில் வைத்திருக்கும் மாமா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். மேடு ஏறுவதால் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.