தீர்மானத்தில் எழுதாத சொல்

பஞ்சாயத்துத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கணவரிடம்தான் பேசினார். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

"புதுச் சட்டம் வந்திருக்கு அண்ணாச்சி. போர்டுல ஒரு பொம்பளை மெம்பர் இருந்தே ஆகணுமாம். எலெக்‌ஷன்ல எவளும் நிக்கல. அப்ப நாமளே ஒரு ஆளைச் சேத்துக்கிடலாம்னு சொல்லுதாவ. உங்க வீட்ல கையெழுத்துப் போடுவாவல்லா?"

"எட்டாங் கிளாஸ் படிச்சிருக்கா" என்றார் என் கணவர்.

"போதும் போதும். மாசம் ஒருக்க வந்து உக்காந்துட்டுப் போகட்டும்."

இப்படித்தான் நான் மெம்பர் ஆனேன். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கிய சமயம். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் சிலருடைய பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். என் கணவருக்கு அருவிப் பக்கம் எண்ணெய்க் கடை இருந்தது. தேய்த்துக் குளிக்கிற எண்ணெய். சாரல் தொடங்கிவிட்டால் லாட்ஜ்காரர்களும் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்களும் எங்கள் கடையில்தான் வாங்குவார்கள். குற்றாலத்தில் அறை கிடைக்காதவர்கள் எங்கள் ஊர் வரைக்கும் வந்து தங்குவார்கள். அதனால் எங்கள் ரோட்டிலும் லாட்ஜுகள் முளைத்திருந்தன. அவற்றில் பெரியது தலைவரின் மைத்துனருடையது.

முதல் கூட்டத்தில் எனக்கு வாசல் ஓரம் தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் மேஜையைச் சுற்றி. நான் போய் அந்த நாற்காலியைத் தூக்கி மேஜையருகே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒட்டுவாரொட்டி நோய்க்காரியைப் பார்த்தது போல இருந்தது அது.

சில மாதம் விளக்குக்கம்பம், தெருவில் தேங்குகிற தண்ணீர் என்று ஓடியது. அப்புறம்தான் அந்தத் தீர்மானம் வந்தது. குமாஸ்தா எழுந்து படித்தார். ஊருக்கு மேற்கே வாய்க்கால் கரையில் உள்ள புறம்போக்கில் மண்டிக்கிடக்கும் புதர்களை அகற்றி, சீசன் பயணிகளின் கார்கள் நிற்பதற்கு ஏற்ற வகையில் அழகுபடுத்தி, குத்தகைக்கு விடுவது. குத்தகை எடுக்க விண்ணப்பித்திருந்தவர் தலைவரின் மைத்துனர்.

அழகுபடுத்தி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது வெறும் புதரில்லை. தாழையும் உடைமரமும் அடர்ந்த அந்த இடம்தான் எங்கள் ஊரில் மூன்று தெருப் பெண்களுக்கு ஒதுங்குகிற இடம். வீட்டில் கக்கூஸ் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தலைவர் வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டிலும் கொல்லையில் இருந்தது. மற்றப் பெண்கள் விடியுமுன் ஒருமுறை, பொழுது சாய்ந்தபின் ஒருமுறை, செம்பை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனார்கள். அந்த மேஜையைச் சுற்றி அமர்ந்திருந்த ஒவ்வொரு ஆணுக்கும் சொந்தக்காரப் பெண் ஒருத்தியாவது அங்கே போய்க்கொண்டுதான் இருந்தாள்.

நான் கேட்டேன். "அதை வெட்டிட்டா பொம்பளையோ எங்கன போவாவ?"

ஒருவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரைப் பார்த்து இன்னும் இருவர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பெரிய மனிதர் அல்லவா.

"தங்கச்சி, இதெல்லாம் சபையில பேசுத விஷயமா?" என்றார்.

"பின்ன எங்கன பேச?"

"வீட்ல பேசுங்க. இவ்வளவு பெரிய மலையடிவாரத்துல எடத்துக்கா பஞ்சம்?"

என் எதிர்ப்பை எழுதிக்கொள்ளச் சொன்னேன். குமாஸ்தா தலைவர் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். அடுத்த மாதம் படித்தபோது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று இருந்தது.

இரண்டே நாளில் வெட்டி முடித்தார்கள். சரளைக்கல் கொட்டினார்கள். சுற்றிலும் கம்பி கட்டினார்கள். சாரல் தொடங்கியதும் கார்கள் வந்து நின்றன. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவர்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, தலையில் எண்ணெயோடு, அந்த ரோட்டில் நேரம் காலம் இல்லாமல் அருவிக்கு நடந்தார்கள். எங்கள் பெண்கள் வாய்க்காலைத் தாண்டி, வயலைத் தாண்டி, பாறைச் சரிவுவரை போக வேண்டியதாயிற்று. மழையில் வழுக்கும். இருட்டில் வழி தெரியாது. பலர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி என்னிடம், "தண்ணி குடிச்சாத்தான அக்கா எந்திரிக்கணும்" என்றாள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நான் சோற்றுப் பானையைத் தரையில் வைத்த வைப்பில் அது உடைந்தது.

தலைவரின் மைத்துனர் லாட்ஜில் ஒருத்தி வேலை பார்த்தாள். கீழத்தெருக்காரி, புருஷன் இல்லாதவள். விரிப்புகளைத் துவைப்பாள், அறைகளைக் கூட்டுவாள், அங்கிருந்த கக்கூஸ்களைப் பினாயில் ஊற்றிக் கழுவுவாள். ஒரு நாள் விடியற்காலையில் அந்தப் பாறைச் சரிவில் அவளை விரியன் கடித்தது. கூடப் போன பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். முதலில் கண்ணில் பட்டது அந்தக் கார் நிற்கும் இடம்தான். லாட்ஜ் காரும் அங்கே நின்றது. டிரைவரும் இருந்தான். மேனேஜரை எழுப்பிக் கேட்டார்கள்.

"கெஸ்டுகளை ஏத்திக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போகணும். சீட்டுல ரத்தம் பட்டா யாரு கழுவுவா?" என்றாராம்.

யார் கழுவுவாள்? தினமும் கழுவுகிறவள்தான் அங்கே தரையில் கிடந்தாள்.

எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். எண்ணெய் டின் ஏற்றுகிற ஒற்றை மாட்டு வண்டியில் அவளைப் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. கால் முழங்கால்வரை வீங்கிக் கறுத்துவிட்டது. எங்களைத் தாண்டி அந்த லாட்ஜ் கார் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உயிர் பிழைத்தாள். ஆனால் வலது பாதத்தில் விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த மாதக் கூட்டத்துக்குப் போனேன். முதல் பொருளை எடுப்பதற்குள் எழுந்து நின்றேன். "நம்ம ஊர்ப் பொம்பளைகளுக்குப் பொதுக் கக்கூஸ் கட்டணும். அதைத் தீர்மானமா எழுதுங்க" என்றேன்.

தலைவர் குமாஸ்தாவிடம், "பெண்களுக்கான சுகாதார வசதி பற்றிப் பின்னர் ஆலோசிக்கப்படும்னு எழுதும்வே" என்றார்.

"கக்கூஸ்னு எழுதச் சொல்லுங்க. பின்னர் வேண்டாம்."

"அந்த வார்த்தை சர்க்கார் நோட்டுல வரலாமாம்மா? கலெக்டர் ஆபீஸ்ல பாப்பாவ."

"பாக்கட்டும். அவ்வோளும் போறவுகதான."

ஒருவர் எழுந்து, பெண் உட்கார்ந்திருக்கிற சபையில் இருக்கவே கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் இருவர். கூட்டம் நடத்த ஆள் போதவில்லை என்று கலைத்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் காலில் விரல்கள் இல்லை. அது அவர்களுக்குக் கூச்சமில்லை. ஒரு சொல் கூச்சம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளைப் பார்க்கப் போனேன். லாட்ஜில் வேலைக்கு வேறு ஆள் வைத்துவிட்டிருந்தார்கள். அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் அங்கன தெனம் கக்கூஸ் கழுவுதேன்லாக்கா, ஒரு நாளு அவசரத்துக்குப் போயிட்டேன். அதுக்கு அந்த மேனேஜர் என்னைக் கன்னத்துல அடிச்சான். உங்ககிட்ட நான் சொல்லல."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் சேந்து போனா எத்தன பேரை அடிப்பான்?" என்றாள்.

அந்த யோசனை அவளுடையது. எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேட்டமாத்திரத்தில் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சீசன் உச்சத்தில், விடிந்து வெளிச்சம் வந்தபின்பு, மூன்று தெருப் பெண்களும் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டில் நடந்தோம். கிழவிகள், கைப்பிள்ளைக்காரிகள், புதுப் பெண்கள். அவள் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள். நானும் ஒரு செம்பு வைத்திருந்தேன். லாட்ஜ் வாசலில் வரிசையாக நின்றோம். சாரல் தூறிக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன இது? எதுக்கு வந்திருக்கிய?"

"கக்கூஸுக்கு" என்றேன்.

"இது லாட்ஜ்மா."

"தெரியும். எங்க எடத்துல உங்க காரு நிக்கி. அதான் உங்க எடத்துக்கு நாங்க வந்தோம்."

மாடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மேனேஜர் கேட்டைச் சாத்தினார். நாங்கள் நகரவில்லை. அவர் தலைவருக்கு ஆள் அனுப்பினார். தலைவர் வந்து, "மானம் போகுது தங்கச்சி" என்றார். "யாரு மானம்?" என்று கிழவி ஒருத்தி கேட்டாள். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும்.

எங்களுக்குக் கக்கூஸ் கிடைத்தது நியாயத்தினால் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த லாட்ஜில் பெரிய அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். இளைப்பாற வந்த இடத்தில் காலையில் கண் விழித்தால் செம்போடு நிற்கிற பெண்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறதே என்று அவர் மனைவி கோபப்பட்டாளாம். அவர் தலைவரைக் கூப்பிட்டு, இதை உடனே ஒழுங்குபண்ணு என்று சத்தம் போட்டாராம். இத்தனை மாதமாக என் தொண்டை கிழிந்தது யாருக்கும் கேட்கவில்லை. ஓர் அம்மாளின் முகச்சுளிப்பு கேட்டது. சாரல் நிற்குமுன் வாய்க்கால் கரையில் கக்கூஸுக்குச் சுவர் எழுந்துவிட்டது.

கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்தினார்கள். தலைவர் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்தார்கள். பெண்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் போனால் பூட்டியிருந்தது. சாவி மைத்துனரிடம் இருந்தது. பஸ்ஸில் வருகிற சீசன் பெண்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு திறந்துவிட ஒரு ஆளைப் போட்டிருந்தார். நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"ஊர்க்காரங்களுக்குத் தொறந்துவிட்டா நாறிப்போயிரும்லாம்மா. மெதுவாப் பாப்போம்" என்றார்.

நான் திரும்பி நடந்தேன். வாய்க்கால் கரையில் கிடந்த கல்லை எடுத்தேன். அந்தப் பூட்டை அடித்தேன். முதல் அடியில் உடையவில்லை. கை சிராய்த்தது. எந்த அடியில் உடைந்தது என்று நினைவில்லை. அதற்குள் சுற்றிலும் பெண்கள் கூடியிருந்தார்கள் என்பது நினைவிருக்கிறது. பூட்டை வாய்க்காலில் எறிந்தேன்.

சாயங்காலம் தலைவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. இம்முறை என்னிடமே பேசினார்.

"பொதுச் சொத்தை உடைச்சதுக்குக் கேஸ் போடப் போறேன்."

"போடுங்க அண்ணாச்சி. கோர்ட்டுல எதோட பூட்டை நான் ஒடச்சேன்னு கேப்பாவல்லா. சாட்சிக் கூண்டுல ஏறி நீங்கதான் அந்த வார்த்தையைச் சொல்லணும்."

அவர் முகம் சிவந்தது. என் கணவரைப் பார்த்தார். என் கணவர் எண்ணெய் டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. கேஸ் வரவில்லை. கதவு திறந்தே இருந்தது.

அந்த வருஷத்தோடு லாட்ஜ்காரர்கள் எங்கள் கடையில் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினார்கள். எண்ணெய் தேய்க்கிற ஆட்கள்கூட மறைந்து மறைந்துதான் வந்தார்கள். என் கணவர் கடையைத் தென்காசிக்கு மாற்றினார். ஒரு நாள் ராப்பொழுதில், "நீ பேசாம இருந்திருக்கலாம்" என்றார். "இருந்திருக்கலாம்" என்றேன். ஆனால் அவர் ஒரு நாளும் என்னை மெம்பர் பதவியை விடச் சொன்னதில்லை. அடுத்த தடவை போர்டில் தலைவருடைய தம்பி மனைவியைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் கூட்டத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை.

கக்கூஸுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதாகச் சொன்னது நடக்கவேயில்லை. பெண்கள் வாய்க்காலில் மொண்டு குடத்தில் கொண்டுபோனார்கள். மழையில் ஒரு கதவு பெயர்ந்து விழுந்தது. கீழத்தெருக்காரிதான் சாக்கை இரண்டாக மடித்துத் தைத்துத் தொங்கவிட்டாள். அவளுக்கு லாட்ஜில் மறுபடி வேலை கிடைக்கவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் மங்குஸ்தானும் பலாச்சுளையும் விற்றாள். மேனேஜர் ஒருமுறை பழம் வாங்க வந்தபோது, உனக்கு விற்க மாட்டேன் என்று ரோட்டில் நின்று சொன்னாள். அதற்குள் நாங்கள் தென்காசிக்கே குடிபோயிருந்தோம்; இதை என்னிடம் சொல்ல அங்கேவரை பஸ் ஏறி வந்தாள்.

அறுபதுகளின் கடைசியில் ஊர் மைதானத்தில் தலைவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். நானும் போயிருந்தேன். பெண்களின் கண்ணீரைத் துடைத்தவர் என்று ஒருவர் மைக்கில் பேசினார். நான் எழுந்து மேடைக்குப் போனேன். பழைய மெம்பர் என்பதால் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். பூட்டு, சாவி, மைத்துனர், விரியன், அந்தக் கார் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் மைக்கை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். மைதானத்தில் இடதுபக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து, மாலை போடுவதற்கு முன்பே, வீட்டுக்கு நடந்தார்கள்.