துறவி வாங்கிக்கொண்ட சீட்டுகள்

என் கணவர் வாயில் அதிகம் வரும் சொல் ‘பாக்கலாம்’. பஹ்ரைனில், குதைபியாப் பகுதியில் இருக்கும் இந்த ஃபிளாட்டில் தண்ணீர் சரியாக வருவதில்லை, வேறு பார்ப்போமா என்றால், பாக்கலாம். ஃபிரிட்ஜ் ஒழுகுகிறதே என்றால், பாக்கலாம். மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, அவளும் நானும் திருச்சிக்குப் போவதா, மூவரும் பஹ்ரைனிலேயே இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய மாதத்திலும் அதே பாக்கலாம்தான்.

வளைகுடாவில் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தால் பல குடும்பங்கள் இப்படித்தான் பிரிகின்றன. அம்மாவும் பிள்ளையும் ஊருக்குப் போய் கோச்சிங் சென்டருக்குப் பக்கத்தில் வீடு எடுப்பார்கள். அப்பா, நாலு பேரோடு பேச்சிலர் ரூமுக்குப் போய்விடுவார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆனாலும் அங்கே அவர் பேச்சிலர்தான்.

அவரை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அதை நானாகச் சொல்லி, நாளைக்கு அவளுக்கு நல்ல காலேஜ் கிடைக்காவிட்டால் பழி என் தலையில் விழும். அவர் ‘இருங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தேன்.

“ஈத் லீவுல தாய்லாந்து போறோம்ல, அங்க வச்சு நிதானமா பேசிரலாம்” என்றார். போனோம். நான்கு நாள் யானை பார்த்தோம், சந்தை பார்த்தோம், பேச மட்டும் இல்லை. கடைசி நாள், வடக்கே ஒரு மலைமேல் இருந்த புத்தர் கோயிலுக்கு எங்களைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மேலேயிருந்து ஊரே தெரியும் என்று யூடியூப் பார்த்துச் சொல்லியிருந்தார். அது காடுகள் எரியும் காலமாம். வெள்ளைப் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஏறுவதற்கு முந்நூறு படி. மேலே போக டிராம் இருக்கிறது என்று மகள் காட்டினாள். “நடந்து போனாத்தான்மா பலன்” என்றவர், ஐம்பதாவது படியிலேயே கைப்பிடிச் சுவரில் இருந்த நாகச் சிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். புளியோதரைப் பை என் தோளில். வாசலில், கையில்லாத சட்டை போட்டிருந்த மகளை நிறுத்திவிட்டார்கள். என் துப்பட்டா அவளுக்குப் போனது.

உள்ளே, தங்கப் பூச்சுப் பூசிய புத்தருக்கு முன்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். அப்போதுதான் அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த இரண்டு காகிதங்களை எடுத்தார். ஹோட்டல் நோட்பேடில் கிழித்தது.

“பூக்கட்டிப் பாக்குற மாதிரிதான். ஒண்ணுல ஊருன்னு இருக்கு, ஒண்ணுல பஹ்ரைன்னு இருக்கு. எது வருதோ அதுபடி செஞ்சிரலாம்.”

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. “யாரு முன்னாடி உக்காந்து கேக்குறீங்கன்னு தெரியுதா? பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுப் போனவருங்க அவரு. அவர்கிட்டயா இதக் கேப்பாங்க?”

“மெதுவா பேசு. சாமின்னா எல்லாம் ஒண்ணுதான்.”

மகளிடம் கையை நீட்டினார். “அப்பா, ப்ளீஸ். இட்ஸ் ஸோ எம்பாரஸிங்” என்று அவள் எழுந்து மணி அடிக்கப் போய்விட்டாள். நானும் எடுக்க மாட்டேன் என்றேன். ஊரில் என்றால் பூசாரி எடுத்துக் கொடுப்பார். இவர் நேரே மேடைமேல் அமர்ந்து ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்த வயதான துறவியிடம் போய் முழங்காலிட்டார். உள்ளங்கையில் இரண்டு சீட்டையும் வைத்து நீட்டி, மறு கையால் ஒரு விரலைக் காட்டினார்.

துறவி சிரித்தார். அவரும் ஒரு விரலைக் காட்டினார். பிறகு இரண்டு சீட்டையும் எடுத்து, ஜனங்கள் வேண்டுதல் எழுதிப் போட்டிருந்த பெரிய கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு, இவர் தலையில் தண்ணீர் தெளித்து, மணிக்கட்டில் வெள்ளைக் கயிறு கட்டி அனுப்பினார். கிண்ணத்தில் அதே மாதிரி மடித்த காகிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. இவர் ஈரத் தலையோடு திரும்பி வந்தார்.

“திருப்பிக் கேளுங்க.”

“கோயில்ல குடுத்தத எப்படிக் கேக்குறது?”

இறங்கும்போது மகள் படிகளைத் தாவித் தாவி முன்னால் போனாள். பாதி வழியில் நான் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, கயிற்றைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“எதை எடுத்திருந்தாலும் ஒண்ணுதான். ரெண்டுலயும் ஊருன்னுதான் எழுதினேன்.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“அவ படிப்புக்கு அதான் நல்லது. நான் போகச் சொன்னா நீ அழுவ. சாமி சொன்னா அழமாட்டேல்ல.”

எனக்கு அழுகைதான் வந்தது, ஆத்திரத்தோடு. ஒரு மாதமாக இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று நான் காத்திருக்க, அவர் எப்போதோ முடிவெடுத்து, அதைச் சொல்ல மட்டும் ஆள் தேடியிருக்கிறார்.

“மூணு பேருமே ஊருக்குப் போயிரலாம்னு ஒரு சீட்டு எழுத உங்களுக்குத் தோணவே இல்லையா?”

அவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல்தான் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை.

“தோணுச்சு. நாப்பத்தெட்டு வயசுல எனக்கு அங்க யாரு வேலை குடுப்பா, சொல்லு?”

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் நேராகக் கேட்டது அதுதான். கீழேயிருந்து மகள் “வாங்க” என்று கையாட்டினாள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக்கலாம்” என்றேன்.