தேத்தண்ணியும் தண்ணிதானே

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். பிறர் வாயால் கேட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள். என் தலைப்பிள்ளைக்கு ஆறிப்போன தேத்தண்ணியில் ஞானஸ்நானம் கொடுத்தவன் நான்.

ஹந்தானைத் தோட்டத்துத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் என் கைக்கு வேலை. வாய்க்கு எல்லா இடத்திலும் வேலை. எங்களுக்கும் வோட்டு வருகிறது என்று பேச்சு அடிபட்ட வருஷம், பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயிலில், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் நூலாக விழுந்தது. எட்டு மாதக் கர்ப்பிணியான என் மனைவி மரியாயி, வரிசை நீளுமுன் ஒரு குடம் பிடித்து வரச் சொன்னாள். நான் போகவில்லை. ஜெபம் சொல்ல வந்த உபதேசியாரை வாசலில் பிடித்துக்கொண்டேன். விசுவாசம் ஒன்றே போதும், நற்கிரியை எதற்கு, தலையில் ஊற்றும் தண்ணீர் எதற்கு என்று வாதம். வேதம் படித்து வந்த வாதமல்ல. கோயிலுக்குப் போகாமலிருக்க வசதியான வாதம்.

அவர் பொறுமையாகச் சொன்னார். விசுவாசம் உள்ளவன் கை சும்மா இருக்காதாம். ஞானஸ்நானம் ஆண்டவர் கட்டளையாம். சாகக் கிடக்கும் பிள்ளைக்குச் சாமியார் இல்லாவிட்டால் யாரும் ஊற்றலாமாம். சொல்லவேண்டிய வார்த்தைகளையும் சொல்லிக் காட்டினார். நான் கேலி பண்ணி அனுப்பினேன். ஜெயித்த களிப்பில் குடத்தின் கடைசித் தண்ணீரில் தேத்தண்ணி போட்டேன். பாதி குடிக்கவில்லை, உள்ளே மரியாயி கத்தினாள்.

பிரசவம் பார்க்கும் பாக்கியம் அக்கா ஓடி வந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில், அக்கம்பக்கத்துக் காம்பராக்களில், வாங்கிய வெந்நீர் அவளுக்கே போதவில்லை. வெகுநேரம் கழித்துப் பெண்பிள்ளை பிறந்தது. நீலம் பாரித்துக் கிடந்தது. அழவில்லை. அக்கா தட்டினாள், வாயில் ஊதினாள், என்னைப் பார்த்தாள்.

"ஒங்க வேதத்துல தண்ணி ஊத்துவீங்களே தம்பி. ஊத்துறதுன்னா இப்பவே ஊத்து."

குடத்தைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு இல்லை. காலையில் நான் ஜெயித்த வாதம்தான் உள்ளே இருந்தது.

விழுந்து அழுதேன். ஆண்டவரே, என் வாய்க்காகப் பிள்ளையைத் தண்டியாதேயும் என்றேன். நிமிர்ந்தபோது கோப்பை கண்ணில் பட்டது. தேத்தண்ணியும் தண்ணிதானே, பேரிலேயே இருக்கிறதே என்று எடுத்தேன். நெற்றியில் ஊற்றினேன். "அன்னம்மா, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்."

பிள்ளை விக்கியது. பிறகு லயமே கேட்க அழுதது.

சில்லென்று பட்டதால் அழுதது என்று அக்கா இன்றும் சொல்வாள். சொல்லட்டும். அவள் கைக்கும் மூச்சுக்கும் நன்றி. ஆனால் நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை தேறியதும் கண்டிக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். என்ன தண்ணீர் ஊற்றினாய் என்று சாமியார் கேட்டார். சொன்னேன். எழுதிய பேனா நின்றது. சீனி போட்டதா என்றார். பாலும் சீனியும் இல்லாத வெறும் சாயம் சாமி என்றேன். பாவம், சிரிப்பை அடக்க மிகவும் கஷ்டப்பட்டார். தேத்தண்ணி தண்ணீர்தானா என்பதில் சந்தேகம் உண்டு என்று, "முன்பே பெறாதிருந்தால்" என்ற வார்த்தையைச் சேர்த்து, நல்ல தண்ணீரில் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார். ஆண்டவர் உன்னைக் கேட்டதில் மட்டும் சந்தேகமில்லை என்றும் சொன்னார்.

இன்று அன்னம்மாவுக்கு ஏழு வயது. அவளைப் போல் ஜெப மந்திரம் பிசகாமல் சொல்லும் பிள்ளை இந்த மலையில் இல்லை. பெருமைதான்; பாவமென்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறு பூசைக்கு முதல் ஆள் நான். எந்தக் காம்பராவில் பிரசவமென்றாலும் முதல் குடம் என்னுடையது. சகோதரரே, வெறுங்குடத்தோடு நின்ற எனக்கே இரங்கினார். நீங்களும் நம்பிக் கேளுங்கள். முடிந்தால் குடத்தை நிரப்பி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

போன வாரம் அஞ்சாம் காம்பராவில் ஒருத்திக்கு வலி எடுத்தது. மரியாயி வெந்நீருக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவில் சாய்ந்து, ரொம்பப் பெருமையாக, நம்ம பிள்ளையைக் காப்பாற்றியது என் விசுவாசமா, என் கிரியையா, நான் கொடுத்த ஞானஸ்நானமா என்று கேட்டேன்.

"ஆண்டவரு. குடத்தை எடுங்க."