ஒரு இன்ச் ஸ்க்ரூ

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலையில் இருப்பவரை நாங்கள் மேஸ்திரி அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் வீட்டுக் குழாய் ஒழுகியிருக்கிறது. பிளம்பர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று மூன்று நாள் இழுத்தடித்தார். நான்காம் நாள் புதுப்பெண்ணே ஸ்பேனரை எடுத்துத் திருகி நிறுத்திவிட்டார். மாலையில் வீட்டுக்கு வந்த புருஷன், காய்ந்து கிடந்த தரையைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, வணக்கமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் கை படாத இடம் இல்லை. கதவு தரையில் உரசினால் கழற்றிச் சீவுவார். சமையலறைக்கு டைல்ஸ் ஒட்டியது அவர்தான். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ட்ரில் மெஷின் கேட்டு வாங்கியவர். கடையிலும் அப்படித்தான். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால்கூட, தேய்த்த லென்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். "பரவாயில்ல விடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்று நான் ஒருமுறை சொன்னபோது, "போட்டுக்கிறவங்களுக்குத் தலைவலி வரும்போது தெரியும்" என்றார்.

அப்படிப்பட்டவர் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். எல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, அவரே ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்து என்னிடம் சொன்னது.

அவருடைய நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, புருஷன் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தார். வந்தபோது ஒரு மாசம் என்றார்கள். அது இரண்டு வருஷமானது. நாத்தனாருக்குத் தையல் தொழில். புதுத்துணி தைப்பதைவிட, இறுக்கிப் பிடிக்கிற துணியைத் தளர்த்துவதும் தொளதொளத்ததைப் பிடிப்பதும்தான் அதிகம். வெளியூரில் படிக்கிற மேஸ்திரி அம்மாவின் மகளுடைய அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டார். காலை ஆறு மணிக்கே மெஷின் கடகடவென்று ஆரம்பித்துவிடும். சோற்றில் நூல், சோப்பில் நூல், மேஸ்திரி அம்மாவின் தலைமுடியில் நூல். நாத்தனார் கெட்டவர் இல்லை. சண்டைக்காரியும் இல்லை. ஆனால் சொல்லாமலே குழம்பில் கொஞ்சம் உப்பைச் சேர்ப்பார். மடித்து வைத்த துணியை எடுத்துத் தன் மாதிரியில் மறுபடி மடிப்பார். இதற்கெல்லாம் எப்படிச் சண்டை போடுவது? போட்டால் நம்மைத்தான் சின்னப்புத்தி என்பார்கள்.

வீட்டுக்குப் பின்னால், தோட்டத்து மூலையில், ஹாலோ பிளாக் சுவரும் தகரக்கூரையுமாக ஒரு ஷெட் இருந்தது. அதில் காற்றுப்போன சைக்கிள், பெயிண்ட் டப்பாக்கள், கால் உடைந்த நாற்காலிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி அம்மா அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி நின்றார்.

"என்ன மேஸ்திரி, ப்ளான் ஏதாவது ஓடுதா?" என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணிக்கு இதை ஒரு தையல் ரூமா பண்ணிக் குடுத்தா என்ன? படுக்கவும் இடம் வரும். நம்ம பொண்ணு லீவுக்கு வந்தா ஹால்ல படுக்குறா பாவம்."

வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அக்காவுக்காக நீ இவ்வளவு யோசிக்கிறியா" என்றார். மேஸ்திரி அம்மா சைக்கிளை வெளியே உருட்டினார். நாத்தனாரை வீட்டைவிட்டு முப்பது அடி தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான் மனதில் இருந்தது. அது அவருக்கு மட்டும் தெரியும்.

மூன்று மாசம் எல்லா ஞாயிறும் அதற்கே போனது. தரையில் ஓதம் ஏறாமல் இருக்க முதலில் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் சிமெண்ட். வெயிலில் தகரம் அடுப்பாகிவிடும் என்று கூரைக்கு அடியில் தெர்மாக்கோல் அட்டைகளைச் செருகி, அதை மறைத்து பிளைவுட் அடித்தார். பழைய சாமான் கடையில் கிடந்த ஜன்னலைச் சுரண்டித் துடைத்துப் பொருத்தினார். வயரிங்குக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். வெளிர்பச்சையில் சுவர், வெள்ளையில் கதவு. எங்கள் கடைக்கு ஃபோனில் படங்களைக் கொண்டு வந்து காட்டினார். முதலாளியிலிருந்து கணக்குப்பிள்ளை வரை வாயைப் பிளந்தோம். "நாத்தனாருக்கு ரூம் கட்டிக் குடுத்த மகராசி இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று நான்தான் முதலில் சொன்னேன். அவர் ஃபோனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூச்சம் என்று நினைத்தேன்.

மிச்சம் இருந்தது ஒரு அலமாரிப்பலகைதான். தையல் மெஷினுக்கு மேலே, துணியும் நூலும் வைக்க, ஐந்தடி நீளத்துக்கு. மகள் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் நாத்தனாரை இடம் மாற்றிவிட வேண்டும் என்று வியாழக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்ததும் ட்ரில்லை எடுத்தார். சுவரில் ஓட்டை போட்டால் மாவு மாதிரி கொட்டியது. பிளாக் உள்ளே பொள்ளல். அதற்கென்று, ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவருக்குள் செருகுகிற தனி மாதிரிப் பிளக்கும் நீள ஸ்க்ரூவும் வேண்டும். அவரிடம் இருந்ததோ சாதாரணப் பிளக்கும் ஒரு இன்ச் ஸ்க்ரூவும். ஹார்ட்வேர் கடைக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும். பிளக் ஓட்டைக்குள் சுற்றிச்சுற்றி வந்தது. தீக்குச்சிகளை ஒடித்துச் செருகினார், கொஞ்சம் பசை விட்டார், முடுக்கினார். மேலே பெயிண்டைத் தடவினார். கையால் அழுத்திப் பார்த்தார். நின்றது.

"அண்ணி வைக்கப் போறது நூல்கண்டுதானே, இது போதும்னு நெனச்சேன்" என்றார் என்னிடம். "எங்க பொண்ணு ரூம்ல மாட்டுறதா இருந்தா அப்படி நெனச்சிருப்பேனா? மாட்டேன். கடைக்குத்தான் ஓடியிருப்பேன்."

ஒன்பதாம் நாள் பலகை விழுந்தது. மேஸ்திரி அம்மா அப்போது தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடினால், நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தார். பலகை மெஷின்மேல் சாய்ந்து கிடந்தது. கனமான பழைய இஸ்திரிப்பெட்டி பக்கத்தில். வலது மணிக்கட்டு பார்க்கச் சகிக்காத ஒரு கோணத்தில் இருந்தது. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, அந்த நிலையிலும் நாத்தனார் முதலில் சொன்னது இதுதான்:

"உன் மேல தப்பில்லம்மா. நான்தான் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி மேல வச்சேன். எனக்குத்தான் அறிவு வேணும்."

மேஸ்திரி அம்மா ஆட்டோவுக்கு ஃபோன் செய்தார். கையைத் துணியில் கட்டித் தோளோடு தொங்கவிட்டார். எல்லாம் சரியாகச் செய்தார். பிறகு, நாத்தனாரின் செருப்பை எடுத்து வருவதாகச் சொல்லி ஷெட்டுக்குள் திரும்பிப் போய், தரையில் குனிந்து, சிதறிக் கிடந்த ஆறு ஸ்க்ரூக்களையும் தீக்குச்சித் துண்டுகளையும் பொறுக்கி ஒரு காகிதத்தில் சுருட்டி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார்.

"அண்ணி வலியில அங்க உக்காந்திருக்காங்க. நான் ஸ்க்ரூவை எண்ணிக்கிட்டு நிக்கிறேன். ஆறும் கிடைச்சுதான்னு பாக்குறேன். அந்தப் புத்தி எனக்கு எங்கேருந்து வந்துதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு. வீட்டுக்காரர் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர், விஷயம் தெரிந்ததும் அக்காவைத்தான் பிடித்துக்கொண்டார். "ஏன்க்கா, அவ ஞாயித்துக்கெழமைகூட ரெஸ்ட் எடுக்காம உனக்குப் பண்ணிக் குடுத்தா, அதுல போயா இரும்பை ஏத்துவ? கொஞ்சமாவது யோசிக்க வேணாமா?" நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் மேஸ்திரி அம்மா மாத்திரைச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

நாத்தனார் திரும்பவும் வீட்டுக்குள், மகளின் அறைக்கே வந்தார். மகள் ஊருக்குத் திரும்பியிருந்தாள். ஐந்து வாரம் மெஷின் சத்தம் இல்லை. கடைசியில் அந்தச் சத்தம் இல்லாததுதான் மேஸ்திரி அம்மாவுக்குத் தாங்க முடியாமல் போனது. காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடும். அடுத்த அறையில் நாத்தனாரும் விழித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். தலை வாரிவிடுவது, ரவிக்கைக்கு ஊக்கு மாட்டுவது, சோற்றைப் பிசைந்து தட்டில் வைப்பது எல்லாம் மேஸ்திரி அம்மாதான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: இப்படி ஒரு தம்பி பொண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நாத்தனாரும் ஆமாம் போடுவார். "நான்தான் பைத்தியக்காரி மாதிரி பாரத்தை வச்சுட்டேன்" என்று கூடவே சேர்ப்பார். ஒவ்வொரு தடவையும் சேர்ப்பார்.

கடையில் அந்த நாட்களில் மேஸ்திரி அம்மா இரண்டு ஜோடி லென்ஸைப் பாழாக்கினார். வீட்டில் உடம்பு சரியில்லாதவரைக் கவனித்துக்கொள்கிற அலுப்பு என்று முதலாளி இரண்டு நாள் லீவு கொடுத்தார். அந்த இரக்கமும் அவர் மனதில் கடனாக ஏறியது.

ஆறாவது வாரம் ஒரு காலையில் மேஸ்திரி அம்மா தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கச் சொல்லி வந்தவரை நாத்தனார் திருப்பி அனுப்பிவிட்டார். "கட்டுப் பிரிச்ச பிறகு தைச்சுக் கொடுக்கலாமே அண்ணி, ஏன் வேணாம்னுட்டீங்க?" என்றார் மேஸ்திரி அம்மா.

"இல்லம்மா. எனக்கு என் மேலயே நம்பிக்கை போயிடுச்சு. அன்னிக்கு அந்தப் பெட்டியை வைக்கும்போது ஒண்ணுமே தோணல. வயசாகுது, நிதானம் போயிடுச்சு போல. நாளைக்குக் கத்திரியை எங்கயாவது வச்சுட்டு யார் கண்ணையாவது குத்திட்டேன்னா?"

சீப்பு தலைமுடியிலேயே நின்றது.

"அண்ணி, அந்தப் பலகை நூல்கண்டைக்கூடத் தாங்கியிருக்காது."

"என்னது?"

சொன்னார். ஒரு இன்ச் ஸ்க்ரூ, தீக்குச்சி, பசை, மேலே தடவிய பெயிண்ட். குப்பைத்தொட்டி வரை எல்லாவற்றையும் சொன்னார். நாத்தனாரின் பின்தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் முகம் தெரியவில்லை. அவசரத்தில், அதோடு நிற்காமல், எதற்காக அந்த அறையைக் கட்டினார் என்பதையும் சொல்லிவிட்டார்.

"அது எனக்குத் தெரியும்" என்றார் நாத்தனார். "என்னை வெளிய தள்ளத்தான் கட்டுறேன்னு முதல் நாளே தெரியும். எனக்கும் அது வேண்டியிருந்துச்சு. ரெண்டு வருஷமா உன் வீட்டுல இருமுறதுக்குக்கூட நேரம் பாத்துத்தான் இருமினேன். எனக்குன்னு ஒரு கதவு கிடைச்சா போதும்னு இருந்தேன். அதுக்காக உன் மேல கோபமே இல்ல."

மேஸ்திரி அம்மாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் நாத்தனார் முடிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்தார். வாராத பாதி முடி முகத்தில் விழுந்திருந்தது.

"ஆனா இது? அஞ்சு வாரம் என் புத்தி கெட்டுப்போச்சுன்னு நான் அழுதேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்த? என் தம்பி எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினான். பக்கத்துல நின்ன. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? கை போனா போகுது, கட்டுப் போட்டா சேரும். என் மேல எனக்கு இருந்த நம்பிக்கைய எடுத்துக்கிட்டியேம்மா."

மேஸ்திரி அம்மா மன்னிப்புக் கேட்டார். நாத்தனார் சீப்பைப் பிடுங்கி, இடது கையாலேயே கோணல்மாணலாக வாரிக்கொண்டார். "மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்கு அவன் வீட்டுக்கு வந்ததும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அன்று மாலை வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி அம்மா சொன்னார். அவர் கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஆறு ஸ்க்ரூவையும் பொறுக்கினியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து அக்காவின் அறைக்குள் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று மேஸ்திரி அம்மாவுக்குத் தெரியாது. வெளியே வந்தவர் அன்றிலிருந்து மூன்று மாசம் அவரை மேஸ்திரி என்று கூப்பிடவில்லை. வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசினார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்றார் மேஸ்திரி அம்மா என்னிடம்.

கட்டுப் பிரித்தார்கள். மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. கத்திரியை மெல்லிய துணியில் ஓட்டலாம், கனமான துணி முடியாது. நாத்தனார் ஷெட்டுக்கே திரும்பிப் போனார், பிடிவாதமாக. பலகையை மறுபடி மாட்டும் வேலையை மட்டும் மேஸ்திரி அம்மாவிடம் விடவில்லை. தச்சர் ஒருவரைக் கூப்பிட்டார். தச்சர் வேலை செய்கிற நேரம் முழுக்க, எந்த ஸ்க்ரூ, எவ்வளவு நீளம் என்று மேஸ்திரி அம்மாவின் முன்னாலேயே விசாரித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அம்மா தச்சருக்கு ஏணியைப் பிடித்தார்.

இப்போது ஞாயிறுதோறும் கனமான துணிகளை நாத்தனார் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கொடுக்க, மேஸ்திரி அம்மா வெட்டுகிறார். கோடு தப்பினால் நாத்தனார் நன்றாகவே திட்டுகிறார். முன்பெல்லாம் திட்டமாட்டார். பேச்சு சகஜமாகிவிட்டது, சிரிப்பும் வருகிறது. ஆனாலும் டம்ளரை எடுக்கப் போகும்போது நாத்தனாரின் வலது கை பாதியில் நின்று, இடது கை வந்து வாங்கிக்கொள்ளும். அதைப் பார்க்காத மாதிரி இருக்கத் தனக்கு இன்னும் வரவில்லை என்றார் மேஸ்திரி அம்மா.

"மன்னிச்சுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கேக்கல. கேட்டா பழையபடி என் மனசு கோணக்கூடாதுன்னு ஆமான்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.