முகமூடிக்குள் என்ன நிறம்?

தீக்குச்சி மருந்தும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு நாற்றம், மூக்கில் ஏறினால் தும்மலும் வரும், பறக்கவும் தோன்றும். கோவில்பட்டியில் நாங்கள் வாடகைக்கு எடுத்துப் படித்த காமிக்ஸ் புத்தகங்கள் அப்படித்தான் மணக்கும். எனக்கு முன்னால் அவற்றைப் புரட்டிய விரல்களில் பாதி, 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் குச்சி அடுக்கிவிட்டு வந்த விரல்கள்.

ஒரே புத்தகத்தில் நாலைந்து கதை இருக்கும். ஒருவன் பறப்பான், ஒருவன் சுவரை முட்டி உடைப்பான், இன்னொருவன் கடத்தல்காரர்களைக் கட்டிக் காவல் நிலைய வாசலில் போட்டுவிட்டுப் போவான். உலகப் போர் நடந்தபோது வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டும் என்று வரைந்தவை, பல வருஷம் தாமதமாகத் தமிழ் பேசிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தன. போர் முடிந்த சேதியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விமானச் சத்தம் கேட்டதும் கருவேல மரத்தடியில் குப்புற விழுந்த வீரர்களில் நானும் ஒருவன். முள் குத்தியதைத் தவிர வேறு விழுப்புண் இல்லை.

அந்தப் புத்தகங்களில் நல்லவன் முகம் மை தொடாத வெறும் காகிதம். பல்லை நீட்டிக்கொண்டு வரும் எதிரிப் படைக்காரன், தீவில் ஈட்டி தூக்கியவன், திருடனுக்குப் பெட்டி சுமப்பவன், இவர்களுக்கெல்லாம் மையை அள்ளி ஊற்றியிருப்பார்கள். நானோ பிறக்கும்போதே மை ஊற்றப்பட்டவன். பசுவந்தனைப் பக்கம் பருத்தி போட்டிருந்த என் அப்பா, "கரிசக்காட்டுல வெள்ளையா வெளையுறது பருத்தி ஒண்ணுதாம்ல" என்று சிரிப்பார். அவருக்கென்ன, அவர் யாரோடும், காமிக்ஸ் சண்டைகளை நடித்துக்காட்டும் 'சண்டைக்கதை' விளையாடப் போகவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் சாயங்காலந்தோறும், ஆபீசுக்குப் பின்னால் குச்சி காயப்போடும் களத்தில் சண்டைக்கதை நடக்கும். யாருக்கு என்ன வேஷம் என்று முடிவு செய்பவன் சேகர். பலசரக்குக் கடைக்காரர் மகன், நிழலிலேயே வளர்ந்து வெளுத்தவன், ஆகவே நிரந்தர நாயகன். நான் ஈட்டிக்காரன், நிரந்தரமாக அடி வாங்குபவன். ஒருநாள் பொறுக்காமல், "இன்னைக்கு நாந்தான் ஹீரோ" என்றேன்.

"ஏலே கரிச்சட்டி, ஒன்ன மாதிரி ஹீரோ எந்தப் புஸ்தகத்துல இருக்கான்? ஒண்ணே ஒண்ணு காட்டு, நாளைக்கே நீ ஹீரோ."

வாடகைக் கடைக்கு ஓடினேன். "கறுப்பா ஒரு ஹீரோ வார புக்கு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்து, "வில்லன்னா எத்தன வேணாலும் தாரேன்" என்றார். கட்டுக்கட்டாகப் புரட்டினேன். கடைசியில் ஒருவன் கிடைத்தான். தலை முதல் கால்வரை மூடிய உடுப்பு, கையில் உறை, முகம் முழுக்க முகமூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை.

"இவன் என்ன கலருன்னு சொல்லு பாப்போம்" என்றேன். சேகர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சரில, நாளைக்கு நீதான் ஹீரோ" என்று புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டான்.

பெட்டி ஒட்டும் நீலத்தாளில் முகமூடி செய்து, அக்காவின் காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு நான் கிளம்பியபோது, அம்மா, "வேகுத வெயில்ல எங்கல போற, சுடுகாட்டுக்கா?" என்றாள். சித்திரை வெயிலில், பசை காயாத முகமூடியோடு, உலகத்தில் எந்த நாயகனும் பறந்திருக்க மாட்டான். நான் பறந்தேன். சேகரையே கட்டிப்போட்டேன்.

கட்டிய கயிற்றிலிருந்து நெளிந்து வெளியே வந்த சேகர், இடுப்பில் செருகியிருந்த அதே புத்தகத்தை உருவினான். "கடைசிப் பக்கம் பாக்கலையால நீ?" நான் பார்க்கவில்லை; முகமூடியைக் கண்ட சந்தோஷத்தில் கதையை முடிக்காமலே ஓடிவந்த அவசரக்குடுக்கை. கடைசிக் கட்டத்தில் அந்த நாயகன் முகமூடியைக் கழற்றிச் சிரித்துக்கொண்டிருந்தான். வெறும் காகிதம்.

"கதையில கழட்டுதான்லா? நீயும் கழட்டு."

மாட்டேன் என்றேன். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். வேர்வையில் ஊறிய தாள் கிழிந்து, சாயம் முகமெல்லாம் இறங்கியிருந்தது. "ஏ, இவன் கறுப்பு இல்லடே, நீலம்!" என்று களமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். 'ஜோக்கடிக்கிற பய' என்று எனக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் பிழைத்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். மறுநாள் ஈட்டியை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்தக் களம் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். பெட்டி ஒட்டும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. வாடகைக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். கதைகள் மட்டும் கெட்டி அட்டையோடு, வழவழப்பான தாளில் மறுபடியும் வந்திருக்கின்றன. அன்று மலிவு மையில் கறுத்திருந்தவர்கள் உயர்தர அச்சில் இன்னும் தெளிவாகக் கறுத்திருக்கிறார்கள். படத்தைத் திருத்தச் சொல்லவில்லை ஐயா, வரைந்தது வரைந்ததுதான். ஆனால் பொற்காலம், பொற்காலம் என்று நாலு பக்கம் முன்னுரை எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பொற்காலத்தில் யார் அடித்தார்கள், யார் அடி வாங்கினார்கள் என்று ஒரு வரி எழுத மட்டும் மை தீர்ந்துபோனதா?

போன வாரம் சேகர் சென்னையிலிருந்து கூப்பிட்டான். "அனுப்புன புக்கு வந்துச்சா மாப்ள? நம்ம சின்ன வயசு அப்படியே திரும்பி வந்துட்டுலே!"

"ஒன் சின்ன வயசு வந்திருக்கு சேகரு" என்றேன்.

நான் ஜோக்கடிக்கிறேன் என்று அவன் சிரித்தான். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். "என்னல, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்று சொல்லி, புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் கதையிலிருந்து, யார் அடித்தான், யார் அடி வாங்கினான் என்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.