பைப்பில் இருந்த பல் தடம்

அண்ணா, அப்பா புகை பிடித்த பைப்பைக் கெடுத்தது நீதான்.

வானவடியில் உன் வீட்டு ஷோகேஸில் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. நேற்று கடையில் வாங்கியதுபோல் பளபளத்தது. வாயில் வைக்கும் கறுப்புக் குழாயைத் தடவினேன். வழவழவென்று இருந்தது, அப்பாவின் பல் பதிந்த பள்ளம் இல்லை. ஹடப்சரில் பைப் செய்கிற பட்டறையில் கொடுத்துப் புதுசாக்கினேன் என்று பெருமையாகச் சொன்னாய்.

மறுநாளே அங்கே போனேன். பழைய குழாயைக் கழற்றிப் போட்டிருப்பார்கள், குப்பையில் தேடியாவது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒருவர் மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்தார். இன்னொருவர் சுற்றுகிற துணிச் சக்கரத்தில் மெழுகு ஏற்றிக்கொண்டிருந்தார். புகையிலை வாசனை துளிகூட இல்லை. மரத்தூளும் ரப்பர் வாடையும்தான்.

குழாய் வேலை பார்க்கிறவரிடம் ஹிந்தியில் சண்டைக்குப் போனேன். குழாயை மாற்றவே இல்லை என்றார். நான் நம்பவில்லை. யாருடையதோ ஒரு பைப்பை எடுத்தார். அதிலும் பல் பட்ட பள்ளம். அதன் குழாயை ஒரு சுடருக்கு மேலே, தீயில் படாமல் காட்டினார். கெட்டி ரப்பர் அது. சூடு ஏறியதும் பள்ளம் தானாக எழும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் யாருமே கடிக்காத குழாய் ஆகிவிட்டது.

அந்தத் தடத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

"கடிச்சவரைக் கூட்டிட்டு வாங்க மேடம்" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தடம் இருக்கட்டுமா என்று உன்னிடம் கேட்டாராம். ஒன்றும் தெரியக் கூடாது என்றாயாம்.

அப்பா வேலை பார்த்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் தீப்பெட்டியைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாங்வியில் அப்போது நாம் இருந்த வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தியதும் அவர் கை பைப்பைத்தான் தேடும். பாதி நாள் அதில் புகையிலையே இருக்காது. சும்மா கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உடைந்த முன்பல் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. எந்தப் போட்டோவிலும் அந்தப் பல் இல்லை. எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அவர் போன பிறகு, அந்தப் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்ப்பேன். சரியாகப் பொருந்தும்.

இப்போது வைக்க இடமில்லை.

திதிக்கு எல்லோரும் வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால், சித்தப்பா, அத்தை, பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் நீ பதில் சொல்ல வேண்டும். யாரைக் கேட்டு அதை அழித்தாய்?