வாயில்லாப்பூச்சி உட்கார்ந்த கதை

எங்கள் துணிக்கடையில் சட்டைத் துணிப் பிரிவு அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. இருபத்திரண்டு வருஷமாக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நின்றவள். நிற்பது என்றால் நிற்பதேதான். கடையில் ஈ, காக்கை இல்லாவிட்டாலும் மேஜையில் சாயக் கூடாது. கடைசியில் கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டது. "இப்படியே நின்னா ஆபரேஷன்தாம்மா" என்றார் டாக்டர். வேலையை விட்டால் வீடு ஓடாது.

முதலாளி உட்காரும் இடத்துக்கு மேலே, கூரையை ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் அறிவிப்பு தொங்கும். தொழிலாளர் சட்டச் சுருக்கம். எல்லோரும் படிக்கிற மாதிரி மாட்ட வேண்டுமாம். பல்லிகள்தான் படித்துக்கொண்டிருந்தன. டியூப் லைட் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் ஏணியை அங்கேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போன நேரம், முதலாளியும் சாப்பிடப் போயிருந்தார். அக்கா அந்தக் காலை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி அதை முழுக்கப் படித்துவிட்டாள்.

மறுநாள் நேராக முதலாளியிடம் போனாள்.

"நின்னு வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணுமாம் முதலாளி."

"நிக்கணும்னு ஒத்துக்கிட்டுதானேம்மா சேந்தே? நானா கட்டாயப்படுத்தினேன்?"

"நீங்க உக்காந்துக்கிட்டுக் கேட்டீங்க. நான் நின்னுக்கிட்டுத் தலையாட்டினேன். வீட்டுல உலை வைக்கணுமே! அதுக்குப் பேரு ஒத்துக்கிறதா? அதுக்குத்தானே சட்டமே போட்டிருக்காங்க."

"எங்க போட்டிருக்கு?"

"உங்க தலைக்கு மேலதான்."

முதலாளி அண்ணாந்து பார்த்தார். ஓர் எழுத்தும் தெரியவில்லை. சுழல் நாற்காலியில் ஏறினால் ஆளே சுற்றிவிடுவார். காவலாளி ஓடிப்போய்க் கிடங்கிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்தார். "கடையில் ஸ்டூலே கிடையாது" என்று பத்து வருஷமாகச் சாதித்துவந்த மேலாளர் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே!

முதலாளி ஏறினார். ஸ்டூல் ஆடியது. அக்காதான் பிடித்துக்கொண்டாள். விரல் வைத்து வரிவரியாகப் படித்தவர், ஏழாவது வரியில் "ம்" என்றார். முகம் சுண்டிப்போய் இறங்கினார்.

அவர் கால் தரையில் பட்டதுதான் தாமதம், அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது எனக்கு. முதலாளி அவள் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

அக்கா சுழல் நாற்காலியைக் கை காட்டினாள்.

"நீங்களும் உக்காருங்க முதலாளி. இப்பப் பேசுவோம்."